மீன்முள் வரைவதற்கு முன் வார்ப்பை வரையுங்கள்

கஸ்டமர் கம்ப்ளைன்ட் வந்ததும் உலோகத்தை உருக்கி வார்க்கும் பல பவுண்டரிகளில் நாலு பேர் ஏசி அறையில் உட்கார்ந்து, குறையின் காரணங்களை முள்முள்ளாகப் பிரித்துக் காட்டும் மீன்முள் வரைபடம் போடுகிறார்கள். மனிதர், இயந்திரம், பொருள், முறை என்று முள் பிரித்து, கடைசியில் 'ஆபரேட்டர் கவனக்குறைவு' என்பதைச் சுற்றி வட்டம் போட்டு 8டி ரிப்போர்ட் (குறையின் காரணமும் தீர்வும் எழுதும் எட்டுப் படி அறிக்கை) கஸ்டமருக்குப் போய்விடும். நடவடிக்கை: பயிற்சி அளிக்கப்பட்டது. அந்தப் பயிற்சி பெரும்பாலும் வருகைப் பதிவேட்டுக் கையெழுத்தோடு சரி.

கவோரு இஷிகாவா 1943இல் கவசாகி எஃகு ஆலைப் பொறியாளர்களுக்கு இந்த மீன்முள் படத்தை வரைந்து காட்டினார். பின்னிக் கிடக்கும் காரணங்களை அடுக்கிப் பார்க்க உதவும் படம் இது. அதில் இருப்பவை எல்லாம் சந்தேகங்கள். சாட்சியை ஷாப் ஃப்ளோரில்தான் தேட வேண்டும்.

பம்ப்பின் வெளிக்கூடான கேசிங்கில் ப்ளோஹோல் (வாயு சிக்கி உண்டாகும் துளை) என்று வைத்துக்கொள்வோம். வார்ப்பின் வெளிக்கோட்டை ஏ4 தாளில் வரைந்து, ரிஜெக்ட் ஆகும் ஒவ்வொன்றிலும் துளை எங்கே இருக்கிறதோ அங்கே ஒரு புள்ளி வையுங்கள். ஷிஃப்டுக்கு ஒரு நிற மை. புள்ளிகள் மணல் அச்சின் மேல்பாதியான மேல்பெட்டிப் பக்கம் குவிந்தால் மணலின் ஈரம், காற்றுப்போக்கு, வாயு வெளியேறும் வழியான வென்ட் ஆகியவற்றைப் பாருங்கள். வார்ப்பின் உள்குழிவுக்காக அச்சுக்குள் வைக்கும் மணல் உருவான கோரைச் சுற்றி நின்றால் கோர் வெந்ததா, அதன் பூச்சு காய்ந்ததா, வென்ட் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். நுண்துளைகள் எங்கும் சிதறிக் கிடந்தால் உலோகத்தையும் சரியாகக் காயாத லேடிலையும் (உருகிய உலோகத்தை ஊற்றும் கலம்) சந்தேகிக்கலாம். மீன்முள்ளில் பாதி முள் இங்கேயே உதிர்ந்துவிடும்.

ஒரே ஷிஃப்டின் நிறம்தான் கோரருகே மொய்க்கிறது என்றால் அந்த ஷிஃப்ட் ஆளைத்தான் முதலில் கூப்பிடுவார்கள். அதற்கு முன் மணலைத் தொட்டுப் பாருங்கள். தொடர்ந்து ஊற்றும்போது, ஆறுவதற்குள் மணல் மறுபடி மிக்சருக்கு வந்துவிடும். சூடான மணலிலிருந்து எழும் ஆவி குளிர்ந்த கோர்மேல் வியர்த்து நிற்கும். உலோகம் பட்டதும் அந்த ஈரமே வாயு. எத்தனை பயிற்சி கொடுத்தும் மணல் ஆறாது.

குறைகளைப் பெரியது முதல் சிறியது வரை தூண்களாக அடுக்கும் பரேட்டோ படத்தையும் எண்ணிக்கையில் மட்டும் போடாதீர்கள், ரூபாயிலும் போடுங்கள். வார்ப்பைச் சுத்தம் செய்யும் ஃபெட்லிங்கில் தெரிந்துவிடும் மணல் குறைகள் எண்ணிக்கையில் உயர்ந்து நிற்கலாம். ஆனால் மெஷினிங்கில் திறக்கும் ப்ளோஹோல், அதுவரை செய்த கடைசல் கூலியையும் சேர்த்து விழுங்குகிறது. இரண்டு படத்திலும் முதல் தூண் மாறுவது சகஜம்.

ஒவ்வொரு பதிலுக்கும் மறுபடி 'ஏன்' என்று ஐந்து முறை கேட்கும் 'ஐந்து ஏன்' எளிமையானதுதான். ஆனால் அது ஒரே வரிசையில் இறங்கும். ஈர மணலும் அடைத்த வென்ட்டும் சேர்ந்து செய்த குறையில் ஒன்று தப்பிவிடும்.

புள்ளி வைக்கும் வேலையை ஃபெட்லிங்கிலோ லேத்திலோ துளையை முதலில் பார்ப்பவரிடமே கொடுங்கள், அதுவும் அந்த வார்ப்பு கையில் இருக்கும்போதே. ஷிஃப்ட் முடிவில் சூப்பர்வைசர் நினைவிலிருந்து வைக்கும் புள்ளிகள் எப்போதும் நடுவில்தான் விழும்.