கொள்ளுத்தாத்தா பேரை விடுங்க, நம்பரைத் தேடுங்க

தென்னாப்பிரிக்கா, மொரீஷியஸ், பிஜி பக்கமிருந்து பூர்வீகம் தேடி எங்கிட்ட வர்றவங்க முதல்ல நீட்டறது ஒரு பேரைத்தான். முனுசாமி, மெட்ராஸ்ல இருந்து கப்பல் ஏறினவரு, எந்த ஊருன்னு கண்டுபிடிச்சுக் குடுங்கன்னு. 1860 நவம்பர்ல ட்ரூரோ கப்பல் டர்பனுக்குப் போச்சு, அதுல இருந்து 1911 வரைக்கும் டர்பன் இருக்கற நேட்டால் காலனிக்கு மட்டும் ஒன்றரை லட்சத்துக்கும் மேல ஒப்பந்தக் கூலியா போயிருக்காங்க, அதுல எத்தனை முனுசாமி இருப்பாங்கன்னு நீங்களே பாத்துக்கங்க! இதுல கிளார்க் காதுல விழுந்ததை இங்கிலீஷ்ல எழுதினது வேற.

அதனால நான் கேக்கறது காலனியல் நம்பர். நேட்டால்ல இறங்கின ஒவ்வொருத்தருக்கும் ஒண்ணு உண்டு, பிள்ளைங்களோட பழைய பிறப்பு, கல்யாணப் பதிவுல எல்லாம் அப்பா அம்மா நம்பர் இருக்க வாய்ப்பிருக்கு. வெப்சைட்டுக்குப் பணம் கட்டறதுக்கு முன்னாடி வீட்டுல இருக்கற பழைய காகிதத்தைக் கிளறுங்க. நம்பர் கிடைச்சா கப்பல் லிஸ்ட்ல ஒரு வரி கிடைக்கும், அப்பா பேரு, வயசு, ஜாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்புல இருக்கற தழும்பு உட்பட. வயசை ரொம்ப நம்பாதீங்க, ஆளைப் பாத்து குத்துமதிப்பா போட்டது. தழும்பை விடாதீங்க. ஒரு குடும்பத்துக்குத் தேடினப்ப ஒரே தாலுகாவுல ரெண்டு ராமசாமி, கடைசில இடது கையில தீக்காயம்னு வீட்டுப் பெரியவங்க சொல்லிட்டிருந்ததுதான் எந்த ராமசாமின்னு முடிவு பண்ணிச்சு.

மெட்ராஸ்னு இருந்தா அது கப்பல் ஏறின துறைமுகம், சொந்த ஊருன்னு எடுத்துக்காதீங்க. வட ஆற்காடுன்னு இருந்தா வேலூர் பக்கம் மட்டும் தேடி அலையாதீங்க, 1911ல சித்தூர் ஜில்லா பிரியறதுக்கு முன்னாடி அந்தப் பக்கத்துத் தாலுகா சிலதும் அதுலதான் இருந்துச்சு, உங்க ஊரு இப்ப ஆந்திராவுல இருக்கலாம்.

இன்னொண்ணு, எல்லாரும் ஆம்பள வழியிலயே போறாங்க. பாட்டிக்கும் தனி நம்பர் இருக்குங்க, தனியா கப்பல் ஏறின பொம்பளைங்களும் இருந்தாங்க. தாத்தா வரி அழிஞ்சு போயிருந்தாலும் பாட்டி வரி தெளிவா இருக்கலாம்.

பிஜிக்கு 1903ல இருந்துதான் மெட்ராஸ் கப்பல், அங்க ஆளுக்கொரு எமிக்ரேஷன் பாஸ், அதாவது ஊர் விவரத்தோட ஆளுக்கு ஆள் எழுதின பயணச் சீட்டு, அதைத் தேடுங்க. மொரீஷியஸ்னா மோக்கால இருக்கற மகாத்மா காந்தி இன்ஸ்டிடியூட்ல கேளுங்க, அதிர்ஷ்டம் இருந்தா போட்டோவே கிடைக்கும். டிஎன்ஏ டெஸ்ட் எடுத்தா கிராமம் தெரியும்னு யாராவது சொன்னா காசை வீணாக்காதீங்க, அது அவ்வளவு துல்லியமா சொல்லாது.

சிலோன், மலேயாவுக்குக் கங்காணி, அதாவது தோட்டத்துக்கு ஆள் சேக்கற மேஸ்திரி, கூட்டிட்டுப் போன குடும்பங்களுக்குத்தான் கஷ்டம், இந்த மாதிரி ஆளுக்கொரு பாஸ் பெரும்பாலும் இருக்காது. எஸ்டேட் செக்ரோல் (தோட்டத்துல வேலை, கூலிக் கணக்கு எழுதற பதிவேடு), சர்ச் ஞானஸ்நானப் பதிவு இதுல பாக்கணும். அதுக்கும் முன்னாடி வீட்டுல மூத்தவங்ககிட்ட குலதெய்வம் எதுன்னு கேட்டு எழுதி வச்சுக்கங்க. வெறும் மாரியம்மன்னா பெருசா உதவாது, ஊர் பேரோட சேத்துச் சொல்ற சாமியா இருந்தா எந்தத் தாலுகாவுல தேடறதுன்னாவது தெரிஞ்சுடும்.