ஒளி மங்கினாலும் ரேடியம் மங்குவதில்லை

1960க்கு முந்தைய சுவிஸ் சாவிக் கடிகாரங்களைச் சேகரிப்பவர்கள் பழுதுபார்க்கக் கொண்டுவரும்போது, டயலின் எண்களும் முட்களும் இருட்டில் ஒளிரவில்லையே, பழைய பூச்சைச் சுரண்டிவிட்டுப் புதிதாகப் பூசித் தர முடியுமா என்று கேட்பதுண்டு. நான் மறுத்துவிடுவேன்.

அந்தப் பூச்சு, கதிரியக்கத் தனிமமான ரேடியம்-226இன் உப்பைத் துத்தநாக சல்பைடுடன் கலந்து செய்தது. ரேடியத்திலிருந்து வெளிப்படும் ஆல்ஃபா துகள்கள் தாக்குவதால் சல்பைடு ஒளிரும். அதே தாக்குதலால் அதன் படிகங்கள் சில ஆண்டுகளிலேயே சிதைந்துவிடும். ஒளி போவது இதனால்தான். ரேடியத்தின் அரைவாழ்வு, அதாவது பாதியாகக் குறைய எடுக்கும் காலம், ஏறத்தாழ 1,600 ஆண்டுகள் என்பதால், 1940களில் செய்த கடிகாரத்தில் அன்று பூசியதில் 96 விழுக்காட்டுக்கும் மேல் இன்னும் அப்படியே இருக்கிறது.

சுவிட்சர்லாந்தின் ஜூரா பகுதியில் பலர் இந்தப் பூச்சு வேலையை வீட்டிலேயே செய்தார்கள். பீல் நகரின் பழைய குப்பைமேட்டில் ரேடியம் கிடைத்த செய்தி 2014இல் வெளியான பிறகு, அந்நாட்டு அரசு 2015 முதல் அத்தகைய வீடுகளையும் நிலங்களையும் தேடி அளந்து, தேவையான இடங்களைத் தூய்மைப்படுத்தியது. பூசியவர்கள் மறைந்து பல பத்தாண்டுகள் கழிந்தும் சுவரிலும் தரையிலும் தூசு தங்கியிருந்தது என்பதைச் சேகரிப்பவர்கள் எண்ணிப்பார்க்க வேண்டும்.

மூடிய கடிகாரத்தைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. ஆல்ஃபா துகள்களைக் கண்ணாடியே தடுத்துவிடும். காமா கதிர் ஓரளவு வெளியே வரும் என்பதால், நாள் முழுவதும் அணிவதையும் கையில் கட்டியபடியே தூங்குவதையும் தவிர்த்தால் நல்லது. பின்மூடியைத் திறப்பதில்தான் உண்மையான ஆபத்து. உலர்ந்து உதிரும் பூச்சு மூச்சுடனோ வாய்வழியாகவோ உள்ளே போனால், உடல் அதைக் கால்சியம் போல எண்ணி எலும்பில் சேர்த்துக்கொள்கிறது. தூரிகை முனையை உதட்டில் வைத்துக் கூராக்கிய அமெரிக்க டயல் தொழிலாளிப் பெண்களின் தாடை எலும்பு அழிந்தது இப்படித்தான்.

ரேடியம் சிதையும்போது ரேடான் என்னும் கதிரியக்க வாயுவும் உண்டாகிறது. 2018இல் இங்கிலாந்தின் நார்த்தாம்ப்டன், கிங்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 30 பழைய கடிகாரங்களை வைத்து அளந்தபோது, ரேடானின் அளவு அந்நாட்டுப் பரிந்துரை வரம்பைப் போல நூறு மடங்குக்கும் மேல் இருந்தது. எனவே, பெட்டி நிறைய வைத்திருப்பவர்கள் அதைப் படுக்கையறை அலமாரியில் பூட்டி வைக்காமல், காற்றோட்டமுள்ள வேறிடத்தில் வைப்பதே சரி.

எண்கள் பழுப்பேறியிருப்பதும், முள் நெடுநாள் நின்ற இடத்தில் டயல் கருகியதுபோல நிழல் படிந்திருப்பதும் ரேடியத்தின் அடையாளங்கள். விற்பவர்கள் அந்த நிழலை அசல் டயலுக்குச் சான்றாகப் புகழ்வார்கள். பெரும்பாலும் உண்மைதான், ஆனால் அதன் காரணத்தைச் சொல்ல மாட்டார்கள். டயலின் அடியில் ‘டி ஸ்விஸ் டி’ (T SWISS T) என்று இருந்தால் அது ரேடியம் அல்ல, ட்ரிடியம் என்னும் வேறு கதிரியக்கப் பொருள்; அரைவாழ்வு 12.3 ஆண்டுகளே, அதன் கதிரும் கண்ணாடியைத் தாண்டாது. முட்களை மட்டும் மாற்றிய கடிகாரங்களும் உண்டு என்பதால், கதிரியக்கத்தைக் காட்டும் கைகர் கருவியால் அளந்து பார்ப்பதே உறுதியான வழி.

கண்ணாடி விரிசல் விட்ட ரேடியம் கடிகாரத்தை வாங்கவே வேண்டாம். ஏற்கெனவே இருந்தால், மூடிய பிளாஸ்டிக் உறையிலிட்டு, இந்தப் பூச்சைப் பற்றி அறிந்த பழுதுபார்ப்பவரிடம் முன்கூட்டியே சொல்லிக் கொடுங்கள். அவர் டயலை வாயால் ஊதத் தொடங்கினால், உடனே திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள்.