கண்காணிப்பு: மொனிட்டரிங்கிற்கு இந்தச் சொல் போதுமா?

கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ நெல் அவிக்கும் ஆலை நடத்துகிறவரிடம் சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம் இருக்க வேண்டும். அதனோடு வரும் நிபந்தனைகளில் கழிவுநீரைக் 'கண்காணித்து அறிக்கையிடல்' என்ற பாணியில் ஒரு வரி வருவது வழக்கம். அதை வாசித்ததும் நம்மவருக்கு என்ன தோன்றும்? யாரோ ஒரு உத்தியோகத்தர் வருவார், பார்ப்பார், எழுதிக்கொண்டு போவார். ஆனால் அந்த வரி பிடிப்பது ஆலைக்காரரைத்தான். தன் தண்ணீரைத் தானே சோதிப்பித்து, பெறுபேற்றைத் தானே கொடுக்க வேண்டும். இந்தக் குழப்பத்தில் சொல்லுக்கும் ஒரு பங்கு உண்டு.

கண்காணி என்பதில் கண்ணும் இருக்கிறது, காண்பதும் இருக்கிறது. (வன்னியில் காணி என்றால் உறுதியும் எல்லைக்கல்லும்தான் நினைவுக்கு வரும். இது அந்தக் காணி இல்லை.) சோழர் கல்வெட்டுகளில் கோயில் காரியங்களை மேற்பார்த்தவரைக் கண்காணி என்றார்கள். தேயிலைத் தோட்டத்தில் அதுவே கங்காணியாகி, ஆங்கில அகராதிக்குள்ளும் ஏறிவிட்டது. 1977, 1983 வன்செயல்களுக்குப் பிறகு மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்து குடியேறிய குடும்பங்களுக்கு அந்தச் சொல்லின் காரம் தெரியும். ஆகத் தமிழில் கண்காணிப்பவர் எப்போதும் வேறொருவர். ஒருவர் வேலை செய்ய, இன்னொருவர் மேலே நின்று பார்ப்பார்.

மொனிட்டர் வந்த வழி வேறு. எச்சரித்தல், நினைவூட்டல் என்ற பொருளுடைய லத்தீன் வினையிலிருந்து பிறந்தது அது. வகுப்பில் சத்தம் போட்டால் பெயர் எழுதும் மொனிட்டர் அந்தப் பழைய பொருளுக்குக் கிட்ட நிற்கிறார். உடும்பினத்துக்கும் ஆங்கிலத்தில் இதே பெயர்தான்; முதலை வருவதை எச்சரிக்கும் என்று யாரோ நம்பினார்களாம். 20ஆம் நூற்றாண்டில் வானொலி வந்த பிறகு, ஒலிபரப்பின் தரத்தைக் கருவி வைத்துத் தொடர்ந்து கவனிப்பதற்கும் இச்சொல் போனது. இப்படி அது ஆளிடமிருந்து கருவிக்கு நகர்ந்துவிட்டது. நம் சொல் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

கழிவுநீர் விஷயத்தில் கண்ணை நம்ப முடியாது என்பதுதான் சிக்கல். நெல் ஊறவைத்த தண்ணீர் புளித்து நாறும், அது மூக்குக்கே தெரியும். ஆனால் எவ்வளவு கெட்டது என்பது பிஓடி, அதாவது உயிரிரசாயன ஒட்சிசன் கேள்வி பார்த்தால்தான் தெரியும். தண்ணீரில் கரைந்த அழுக்கை நுண்ணுயிர்கள் தின்னும்போது எவ்வளவு ஒட்சிசனை இழுக்கின்றன என்ற கணக்கு அது. 20 பாகை செல்சியசில் 5 நாள் வைத்துப் பார்ப்பார்கள். 2008ஆம் ஆண்டு வர்த்தமானியில், உள்நாட்டு நீர்நிலைக்குள் விடும் கழிவுநீருக்கு லீட்டருக்கு 30 மில்லிகிராம் என்று எல்லை போட்டார்கள். கனகராயன் ஆற்றில் விழுவது இரணைமடுக் குளத்துக்குத்தான் போகும். ஒட்சிசன் குறைந்தால் முதலில் சாவது மீன். பார்வைக்குத் தெளிந்த தண்ணீரும் இந்த எல்லையைத் தாண்டியிருக்கலாம்.

மாதிரி எடுப்பதிலும் விஷயம் இருக்கிறது. ஊறல் தொட்டியைத் திறந்துவிடும் நேரத்தில் ஒரு போத்தல் அள்ளினால் ஒரு கதை, மத்தியானம் வாய்க்கால் வற்றிக் கிடக்கும்போது அள்ளினால் வேறு கதை. அதனால்தான் இடைவெளி விட்டு விட்டு எடுத்தவற்றைச் சேர்த்து ஒரு மாதிரியாக்கும் முறையும் உண்டு. இதை எல்லாம் 'கண்காணிப்பு' என்று சொன்னால் யாருக்கு விளங்கும்? அதிகாரி வந்து பார்ப்பதற்குக் கண்காணிப்பு சரி, அதை அப்படியே விடலாம். ஆலை செய்ய வேண்டியதற்கு 'தொடர் அளவீடு' என்று எழுதலாம். 'சுய கண்காணிப்பு' என்றால் கண்ணாடி முன் நிற்பது போல இருக்கிறது, எனக்குப் பிடிக்கவில்லை.

சட்டப் பின்னணி சுருக்கமாக: 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்க தேசிய சுற்றாடல் சட்டம் மத்திய சுற்றாடல் அதிகாரசபையை உண்டாக்கியது, 1988இல் வந்த திருத்தம் அனுமதிப்பத்திர முறையைக் கொண்டுவந்தது. சிறு தொழில்களுக்கு அதிகாரசபையின் சார்பில் உள்ளூராட்சி மன்றமே பத்திரம் கொடுக்கும். பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை எல்லாம் இதற்கு முந்திய காலத்து ஆள்.

அடுத்தது 'அமுல்படுத்தல்'. செயல் என்ற பொருளுடைய அரபுச் சொல், பாரசீகம், இந்துஸ்தானி வழியாக நம்மிடம் வந்தது. சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவருவதையும், மீறுகிறவரைச் செய்ய வைப்பதையும் ஒரே சொல்லால் சொல்கிறோம். முதலாவதற்கு நடைமுறைப்படுத்தல் இருக்கிறது. இரண்டாவதற்கு 'நிறைவேற்றுவித்தல்' பொருந்தும்: வாக்கியத்தில் செய்பவர் ஒருவர், செய்விப்பவர் இன்னொருவர் என்பது தெளிவாகத் தெரியும். தமிழின் பிறவினைக்கு இதைவிட நல்ல வேலை இல்லை.

'அறிக்கையிடல்' இருக்கட்டும். ஆனால் ஊர்ப் பேச்சில் 'கணக்குக் காட்டுதல்' என்றால் இன்னும் சுறுக்கென்று படும். அமெரிக்காவில் 1972ஆம் ஆண்டின் தூய நீர்ச் சட்டத்தின் கீழ் தொழிற்சாலைகள் தாமே அளந்து கொடுக்கும் அறிக்கை, நீதிமன்றத்தில் அவர்களுக்கு எதிரான சான்றாகவே நிற்கும். பொய்க் கணக்குக் கொடுப்பது தனிக் குற்றம். அளவு கூடிய நாளையும் ஆலைக்காரர் தன் கையாலேயே எழுதிக் கொடுத்தாக வேண்டும்.