சொல் விளக்கம்: மார்ஷல் – ஆணத்தி

மார்ஷல்: விண்வெளிக் கதைகளில், பல விண்மீன்களின் உலகங்களை ஆளும் மைய அரசின் நீதிமன்ற ஆணையை, அந்தந்த உலகத்தின் எல்லைக்குள்ளேயே போய் நிறைவேற்றும் அதிகாரி. இதற்குப் பொருந்தும் தமிழ்ச்சொல்: ஆணத்தி. வழக்கமாக எழுதப்படும் 'விண்வெளி போலீஸ்', 'நட்சத்திரக் காவலர்', 'விண்படைத் தளபதி' மூன்றுமே பொருந்தாது. ஏன் என்பதற்குச் சொல்லின் வேரிலிருந்தே தொடங்க வேண்டும்.

பழைய ஜெர்மானிய மொழியில் 'மாரா' என்றால் குதிரை, 'ஸ்கால்க்' என்றால் வேலையாள். இரண்டும் சேர்ந்து 'குதிரை பார்க்கிற ஆள்' என்றானது. பிரெஞ்சு அரண்மனைகளில் அந்த ஆள் லாயத்துக்குப் பொறுப்பாளராகி, பிறகு குதிரைப்படைக்கும், கடைசியில் படை முழுவதற்கும் தலைவரானார். பிரெஞ்சில் லாடம் கட்டுகிறவருக்கு இன்றும் இதே சொல்தான் அடைமொழியோடு வழங்குகிறது. கான்ஸ்டபிளும் லாயத்துக்காரர்தான், லத்தீனில் 'லாயத் தலைவர்' என்பது தேய்ந்து அப்படி ஆனது. ஷெரீப் மட்டும் வேறு வழி: பழைய ஆங்கிலத்தில் 'ஷையர்' என்ற நிலப்பிரிவின் மணியக்காரர். ஆக இந்த மூன்று சட்டக்காவல் சொற்களில் இரண்டில் குதிரைச்சாணி வாசம் அடிக்கும். இதைக் கேலிக்காகச் சொல்லவில்லை. ஓடுகிறவனைத் துரத்திப் பிடிப்பது என்ற கருத்து அந்தச் சொற்களின் எலும்பிலேயே இருக்கிறது. அதுதான் பின்னால் சிக்கலாகிறது.

தமிழுக்கு இந்தச் சொல் புதிதல்ல. குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு மார்ஷல் நேசமணி. அங்கே அது மக்கள் கொடுத்த பட்டம். சட்டமன்றத்தில் உறுப்பினரைத் தூக்கி வெளியே கொண்டுபோகிற மார்ஷல்கள் அவைக் காவலர்கள். விமானப்படையில் ஏர் மார்ஷல் பதவிப்பெயர், 'மார்ஷல் லா' என்றால் ராணுவச் சட்டம் (இது ஒலியில் மட்டும்தான் ஒன்று, ஆங்கிலத்தில் வேறு சொல்). நான்கும் நான்கு பொருள். விண்வெளிக் கதைக்கு வந்தது இவற்றில் எதுவுமில்லை, அமெரிக்க மார்ஷல். 1789-இன் நீதித்துறைச் சட்டம் ஒவ்வொரு கூட்டாட்சி நீதிமன்ற வட்டாரத்துக்கும் ஒரு மார்ஷலை வைத்தது. சம்மன் கொடுப்பது, வாரண்டை நிறைவேற்றுவது, கைதியைக் கொண்டுவந்து நிறுத்துவது அவர் வேலை. 1790 முதல் 1870 வரை மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் அவர் தலையில்தான் விழுந்தது. மாநில அரசே இன்னும் அமையாத மேற்குப் பிரதேசங்களில் மத்திய அரசு என்று கண்ணுக்குத் தெரிந்த ஆள் பெரும்பாலும் அவர்தான். அந்தக் குதிரையைக் கழற்றிவிட்டு விண்கலத்தைப் பூட்டினால் கதை மார்ஷல் தயார்.

இங்கே கவனிக்க வேண்டியது, மார்ஷலின் அதிகாரம் துப்பாக்கியிலிருந்து வரவில்லை, நீதிமன்றத்தின் தாளிலிருந்து வருகிறது. காவலர் ஓர் இடத்துக்குச் சொந்தம். மார்ஷல் ஓர் ஆணைக்குச் சொந்தம். 'விண்வெளிக் காவலர்' என்று எழுதியவுடன் இந்த வேறுபாடு அழிந்துபோகிறது.

தர்மபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு இது சொல்லிப் புரிய வேண்டியதில்லை. ஓசூர் தாண்டினால் அத்திப்பள்ளி. ஒகேனக்கல்லில் பரிசலை அக்கரைக்கு விட்டால் கர்நாடகம். இங்கே வாரண்ட் போட்ட ஆள் அங்கே இருந்தால் நடைமுறை என்ன? வாரண்டை எடுத்துப்போகும் போலீஸ் அதிகாரி, பொதுவாக அந்தப் பகுதி மாஜிஸ்திரேட்டிடமோ நிலையப் பொறுப்பு அதிகாரியிடமோ காட்டி மேலெழுத்து, அதாவது வாரண்டின் மேல் ஒப்புதல் கையெழுத்து, வாங்க வேண்டும். அதற்குள் ஆள் தப்பிவிடுவான் என்ற நிலை இருந்தால் மட்டும் வாங்காமலே பிடிக்கலாம். பிடித்தபின் 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்பது அரசியலமைப்பின் 22-ஆம் பிரிவு. அதே வரியில் ஒரு விலக்கும் உண்டு: பிடித்த இடத்திலிருந்து நீதிமன்றம் வரைக்குமான பயண நேரம் இந்தக் கணக்கில் சேராது.

தேன்கனிக்கோட்டையிலிருந்து ஓசூர் வருவதற்கு இந்த விலக்கு நியாயமானது. இதையே விண்மீன்களுக்கு இடையே வைத்துப் பாருங்கள். சூரியனை விட்டால் நமக்கு மிக அருகிலுள்ள விண்மீன் பிராக்சிமா சென்டாரி, 4.24 ஒளியாண்டு, அதாவது ஒளியே வந்துசேர 4.24 ஆண்டு எடுக்கும் தொலைவு. ஒளியின் வேகத்தில் 80 விழுக்காட்டில் போகும் கலம் அங்கிருந்து வர 5.3 ஆண்டு எடுக்கும். 'பயண நேரம் நீங்கலாக' என்ற மூன்று சொல், குற்றம் நிரூபிக்கப்படாத ஒருவரை ஐந்து வருடம் அடைத்துவைக்க அனுமதிச்சீட்டாகிவிடும். எனவே உங்கள் கதையில் வரும் அரசு கொஞ்சமாவது நீதியுள்ளது என்றால், முதல் மாஜிஸ்திரேட் பிடிபட்ட உலகத்திலேயே இருந்தாக வேண்டும்.

கடிகாரச் சிக்கல் வேறு. அந்த 5.3 ஆண்டு பூமிக் கணக்கு. அத்தனை வேகத்தில் போகும் கலத்துக்குள் நேரம் மெதுவாக ஓடுவதால், உள்ளே இருக்கும் கைதிக்கு ஓடுவது 3.18 ஆண்டுதான். விசாரணைக் கைதியாக உள்ளே இருந்த காலத்தைத் தண்டனையில் கழிப்பது நம் சட்டத்தில் உண்டு. எந்தக் கடிகாரப்படி கழிப்பது? பூமிக் கடிகாரம் என்றால் கைதிக்கு இரண்டு வருடத்துக்குமேல் லாபம். கலத்துக் கடிகாரம் என்றால் வெளியே காத்திருக்கும் குடும்பத்துக்கு அத்தனையும் நட்டம். எதை வேண்டுமானாலும் தேர்ந்தெடுக்கலாம், ஆனால் தீர்ப்பில் ஒரு வரி எழுதியாக வேண்டும். பெரும்பாலான கதைகள் இந்த இடத்தில் மௌனம்.

சிறு குற்றங்களின் கதி இன்னும் மோசம். ஓராண்டுக்குமேல் மூன்று ஆண்டு வரை தண்டனையுள்ள குற்றத்தை நீதிமன்றம் விசாரணைக்கு ஏற்க நம் நாட்டில் மூன்று ஆண்டு கெடு. சாதாரணத் திருட்டு இதில் வரும். பிராக்சிமா கிடங்கில் பத்து டின் கிருஷ்ணகிரி மாங்கூழ் களவு போகிறது, உரிமையாளருக்கு அன்றே தெரிகிறது, நீதிமன்றம் பூமியில் இருக்கிறது. புகார் அன்றே, ஒளியின் வேகத்தில் போகும் ரேடியோவில் கிளம்பினாலும் வந்துசேர 4.24 ஆண்டு. புகார் வழியில் இருக்கும்போதே கெடு செத்துவிட்டது. தாமதத்தை மன்னிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டுதான். ஆனால் ஒவ்வொரு வழக்கிலும் மன்னித்துக்கொண்டிருந்தால் அது கெடுவே இல்லை. ஆகவே மைய அரசு தன் கையில் பெருங்குற்றங்களை மட்டும் வைத்துக்கொண்டு மாங்கூழை உள்ளூருக்கு விட்டுவிடும். வேறு வழியில்லை.

இப்போது குதிரைக்கு வருவோம். பூமியில் குற்றம் செய்தவன் அதே 80 விழுக்காடு வேகக் கலத்தில் பிராக்சிமாவுக்குத் தப்புகிறான். அவன் கிளம்பிய அன்றே வாரண்ட் ரேடியோவில் கிளம்புகிறது. வாரண்ட் 4.24 ஆண்டில் போய்ச் சேரும், அவன் 5.3 ஆண்டில். அவன் இறங்குவதற்கு ஒரு வருடம் முன்பே தாள் அங்கே மேசையில் கிடக்கும். பின்னால் துரத்திப்போகும் மார்ஷலுக்கு என்ன வேலை? ஒன்றுமில்லை. ஒளியை மிஞ்சும் கலம் உள்ள கதை என்றால் நிலைமை தலைகீழ்: ரேடியோ பின்தங்கும், கலம் முந்தும், மார்ஷல் தாளைத் தானே கையில் கொண்டுபோக வேண்டும். இரண்டிலும் தீர்மானிப்பது தாள்தான். அதனால் தமிழ்ச்சொல்லும் துரத்தலிலிருந்து வராமல் ஆணையிலிருந்து வர வேண்டும்.

கைவசமுள்ள பழஞ்சொற்களைப் பார்த்துவிடலாம். தலையாரி: ஊர்க்காவல், ஊரெல்லையோடு சரி, இன்றைய கிராம உதவியாளர் அந்த வழி வந்தவர். பாடிகாவல்: கல்வெட்டுகளில் வரும் ஊர்காவல் உரிமை, அதற்கான வரியும்கூட, இதுவும் உள்ளூர்தான். தண்டநாயகன் படைத்தலைவன். தூதர் பேச மட்டுமே போகிறவர். அதியமானுக்காக ஔவையார் தொண்டைமானிடம் போனது தூது, அங்கே யாரையும் கைதுசெய்ய அவருக்கு அதிகாரமில்லை. சேவகன் ஓரளவு நெருங்குகிறது. தர்மபுரி, கிருஷ்ணகிரி அருங்காட்சியகங்களில் நிற்கும் நடுகற்களைப் படித்தவர்களுக்கு இந்தச் சொல் பழக்கம்: இன்ன அரசனுக்கு இத்தனையாவது ஆண்டு, இன்னாருடைய சேவகன், 'தொறு மீட்டுப் பட்டான்'. தொறு என்றால் மாட்டு மந்தை. கவர்ந்துபோன மந்தையை மீட்கும் சண்டையில் செத்தவனுக்கு எடுத்த கல். ஆனால் சேவகன் ஒரு தலைவனுக்குக் கட்டுப்பட்டவன். நீதிமன்றத் தாள் அவன் கையில் இல்லை.

ஆணத்தி பல்லவர், பாண்டியர் செப்பேடுகளில் வருவது. அரசன் இட்ட ஆணையை இடத்துக்குப் போய் நிறைவேற்றிவைக்கும் பொறுப்பாளர். நந்திவர்ம பல்லவமல்லனின் 22-ஆம் ஆட்சியாண்டுக் காசக்குடிச் செப்பேட்டில் வேலை நடக்கும் வரிசை தெளிவாகவே இருக்கிறது. ஒருவர் விண்ணப்பம் செய்கிறார், இன்னொருவர் ஆணத்தி. ஊற்றுக்காட்டுக் கோட்டத்து நாட்டாருக்கு, அதாவது உள்ளூர் அவைக்கு, அரசனின் திருமுகம் (ஆணைக் கடிதம்) போகிறது. நாட்டார் அதைக் கண்டு, தொழுது, தலைக்கு வைத்து, படாகை நடந்து, கல்லும் கள்ளியும் நாட்டி, அறையோலை எழுதி விடுக்கிறார்கள். படாகை நடப்பது என்றால் எல்லையைக் காலால் நடந்து காட்டுவது. அறையோலை, 'சொன்னபடி செய்துவிட்டோம்' என்று திரும்பிப் போகும் எழுத்து.

ஒரு விண்மீனிடை வாரண்டுக்கு வேண்டிய உறுப்பெல்லாம் இந்த எட்டாம் நூற்றாண்டுத் தகட்டில் இருக்கிறது. கேட்டவர் யார், ஆணை யாருடையது, நிறைவேற்றுகிறவர் யார், ஏற்றுக்கொள்ளும் உள்ளூர் அவை எது, எல்லை எதுவரை, முடிந்ததற்கு எழுத்துச் சாட்சி எங்கே. இவற்றில் கதாசிரியர்கள் தவறாமல் விடுவது கடைசி இரண்டும். எல்லை சொல்லாத வாரண்டைக் கொண்டுபோய் ஆணத்தி ஒரு நிலவில் ஆளைப் பிடித்தால், அந்த நிலவு யாருடையது என்ற வாதத்திலேயே வழக்கு விழும். அறையோலை திரும்பாவிட்டால் மையத்தில் அந்த வாரண்ட் உயிரோடேயே இருக்கும். பிடித்து, தண்டித்து, விடுதலையான ஆளையே இன்னொரு ஆணத்தி வந்து மறுபடி பிடிப்பார். ரோகிணி விண்மீன் 65 ஒளியாண்டு. திருமுகம் போய் அறையோலை வர 130 வருடம். அத்தனை தொலைவுக்கு ஆள்பெயர் போட்ட வாரண்ட் அனுப்புவதில் அர்த்தமே இல்லை; விதிகளை மட்டும் அனுப்பிவிட்டு நாட்டாரை நம்ப வேண்டியதுதான்.

தொலைவு கூடக்கூட ஒரே ஆள் கையில் பல வேலை சேரும் என்பதையும் கதை மறக்கக் கூடாது. 1792-இல் திப்புவிடமிருந்து பாராமகால் (இன்றைய கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பகுதி) கிழக்கிந்தியக் கும்பெனிக்கு வந்தபோது நிர்வாகம் போனது படை அதிகாரி அலெக்சாண்டர் ரீட் கைக்கு. உதவியாளராக 1799 வரை இருந்த தாமஸ் மன்றோவும் படைக்காரர்தான். வாள் பிடித்த கை நிலத்தை அளந்து வரி வைத்தது. மார்ஷல் மக்கள்தொகை எடுத்ததும் இதே கணக்கு. உங்கள் ஆணத்தி மூன்றாவது கோளில் பிறப்புச் சான்றிதழும் கொடுக்கிறார் என்று எழுதினால் அது மிகையல்ல.

கூட வரும் சொற்கள்: ஒரு விண்மீனும் அதன் கோள்களும் 'நாடு', அதன் அவை 'நாட்டார்'. பல நாடுகள் சேர்ந்தால் 'மண்டலம்' என்று வைக்கத் தோன்றும், சோழர் வழக்கும் அதுதான். ஆனால் சூரிய மண்டலம், போக்குவரத்துக் கழக மண்டலம், நாட்டு மருந்து சாப்பிடும் 48 நாள் மண்டலம் என்று ஏற்கெனவே நெரிசல். 'வளநாடு' குழப்பாது. துறைக்குத் 'திணைக்களம்': சோழர் காலத்தில் 'புரவுவரித் திணைக்களம்' என்று வழங்கி, இலங்கையில் இன்றும் அலுவலகப் பலகைகளில் உயிரோடிருக்கும் சொல். வாரண்டுக்குத் 'திருமுகம்' கொஞ்சம் அரசவாடை அடிக்கும். குடியரசுக் கதையானால் 'பிடியாணை' போதும்.

ஆணத்தி தூயதமிழா என்று கேட்டால், இல்லை. வடமொழி 'ஆஜ்ஞப்தி' பிராகிருதம் வழியாக உருமாறி வந்தது. அது நெருடுகிறவர்கள் 'ஏவலாளர்' என்று முயன்றால் வேலைக்காரர் போல் ஒலிக்கும். 'ஆணையர்' என்றால் மாநகராட்சி கமிஷனர் நினைவுக்கு வருவார். ஆயிரத்து இருநூறு வருடம் முன்பே செப்பேட்டில் ஏறிய சொல்லுக்கு இனியும் விசா கேட்க வேண்டாம் என்பது எங்கள் கட்சி.

பயன்படுத்தும்போது இரண்டு எச்சரிக்கை. ஒருத்தி, குறத்தி போல 'த்தி' என்று முடிவதால் பெண்பால் என்று வாசகர் நினைத்துவிடுவார். இது இருபாலுக்கும் பொது. முதல் முறை வரும் இடத்தில் 'ஆணத்தி வந்தார்' என்று வினையோடு எழுதி, அடுத்த வரியிலேயே ஆணா பெண்ணா என்பதைக் காட்டிவிடுங்கள். இரண்டாவது, எழுத்தில் மரியாதைக்கு 'ஆணத்தியார்' என்று வைக்கலாம், ஆனால் பேச்சில் யாரும் அப்படிக் கூப்பிட மாட்டார்கள். தலைமைக் காவலரை 'ஏட்டய்யா' ஆக்கிய ஊர் இது. பிராக்சிமாவில் குடியேறிய பாலக்கோட்டுக்காரர் கதவைத் திறந்ததும் கேட்பது இப்படித்தான் இருக்கும்: "வாங்க ஆணத்தி சார், யாரத் தேடி வந்தீங்க?"