கைமரம் இல்லாத கூரையில் சோலார் பேனலை எதில் முடுக்குவது?

அமெரிக்காவில் மினசோட்டாவில் வீடு வாங்கியிருக்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "சோலார் போட வந்தவர் கூரையைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, இதில் கைமரமே இல்லை, என்னால் ஆகாது என்று போய்விட்டார். என் கூரை அவ்வளவு பலவீனமா?"

இல்லை. அவருடையது 'சிப்' (SIP, Structural Insulated Panel) கூரை. கைமரச் சட்டம் இல்லாமல், குளிர் தடுக்கும் அடுக்குப் பலகையே பாரத்தைத் தாங்கும். மரச்சீவல்களைப் பசை போட்டு அழுத்திய ஓ.எஸ்.பி. பலகை மேலே ஒன்று, கீழே ஒன்று. நடுவில் தடிமனான தெர்மோகோல். பலகையின் தடிமன் பொதுவாக 11 மி.மீ.தான். தனித்தனியே எடுத்தால் மூன்றுமே சோப்ளாங்கி. ஒட்டிவிட்டால் மேல் பலகை அமுக்கத்தையும் கீழ்ப் பலகை இழுவிசையையும் வாங்கிக்கொள்ள, மொத்தமும் ஓர் இரும்பு உத்தரம் மாதிரி நிற்கும். விஸ்கான்சினில் மேடிசன் நகரிலுள்ள அரசின் வனப்பொருள் ஆய்வகம் 1935 வாக்கிலேயே, மேலும் கீழும் பலகை ஒட்டிப் பலம் கூட்டும் இந்த யோசனையைச் சோதிக்கத் தொடங்கிவிட்டது. தெர்மோகோல் நடுவே வந்தது 1952இல், ஆல்டன் டௌ என்ற கட்டடக் கலைஞர் மூலம். பகட்டில்லாத இந்த மாதிரி ஆராய்ச்சிக்கு அரசுப் பணம் போவதைப் பார்த்தால் எனக்குப் பொறாமைதான். நம்மூரில் ராக்கெட்டுக்குக் கிடைக்கும் கைதட்டல் கூரைக்குக் கிடைப்பதில்லை.

சரி, சோலாருக்கு வருவோம். பேனலின் எடை ஒரு பிரச்சினையே இல்லை. ஒன்று இருபது கிலோவுக்குக் கொஞ்சம் மேலே இருக்கும். கவலை காற்றைப் பற்றி. மணிக்கு 144 கி.மீ. வேகக் காற்றின் அழுத்தம் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 960 நியூட்டன், அதாவது கிட்டத்தட்ட 100 கிலோ எடை. கூரையைத் தாண்டும் காற்று மேலே உறிஞ்சி இழுக்கும். அந்த அழுத்தம் முழுவதும் இழுப்பாக மாறினால் இரண்டு சதுர மீட்டர் பேனலைத் தூக்கும் விசை 200 கிலோவை நெருங்கும். கூரையின் ஓரங்களிலும் மூலைகளிலும் இழுப்பு இன்னும் அதிகம்.

சாதாரணக் கூரையில் இதைத் தாங்க 8 மி.மீ. திருகாணியைக் கைமரத்துக்குள் ஆறு செ.மீ. அளவுக்கு இறக்குவார்கள். அதே திருகாணியைச் சிப் கூரையில் இறக்கினால் என்ன ஆகும்? அதன் மரைகளுக்கு இடையே ஏறக்குறைய 2.8 மி.மீ. இடைவெளி. 11 மி.மீ. பலகையில் நாலே நாலு மரைதான் மரத்தைக் கவ்வும். மீதி நீளம் முழுக்கத் தெர்மோகோலுக்குள் சும்மா நிற்கும். ஓ.எஸ்.பி.யில் சீவல்கள் படுக்கை வசத்தில் அடுக்கப்பட்டிருப்பதால், மேலே இழுக்கும்போது அடுக்கு அடுக்காகப் பிய்யப் பார்க்கும். டிரில்லை ஒரு நொடி கூடுதலாக அழுத்தினால் போதும், அந்த நாலு மரையும் அரைபட்டு, திருகாணி வெறுமனே சுற்றும். மேலிருந்து பார்த்தால் ஒழுங்காக முடுக்கியது போலவே இருக்கும்!

ஆனால் பலகைக்குப் பிடிப்பு குறைவில்லை. கைமரக் கூரையில் பலகையைப் பிடித்திருப்பது ஆணி வரிசைகள் மட்டும். சிப் கூரையில் பலகையின் அடிப்பரப்பு முழுவதும் தெர்மோகோலோடு ஒட்டியிருக்கிறது. ஓரிடத்தில் திருகாணி இழுத்தால் பலகை லேசாக மேலே வளையப் பார்க்கும். உடனே சுற்றியுள்ள தெர்மோகோல் எல்லாப் பக்கமிருந்தும் அதைக் கீழே பிடித்து இழுக்கும். புள்ளியில் விழுந்த விசை பரப்பில் கரைகிறது. எனக்கு இந்தக் கூரையில் மிகவும் பிடித்த இடம் இதுதான். ஆக, ஒரே இடத்தில் தடித்த திருகாணி போடாமல், பேனலைத் தாங்கும் அகலமான பாதம் (அடித்தகடு) வைத்து, பலகைக்கேற்ற மெல்லிய திருகாணிகளைப் பலவாகப் போட வேண்டும். ஓரங்களில் பாதங்களை நெருக்கி வைக்க வேண்டும்.

"துளை போட்டு அடிவரை போல்ட் விட்டு, கீழே தகடு வைத்து இறுக்கினால்?" பலம் கிடைக்கும். கூடவே குளிரும் வரும். எஃகு, தெர்மோகோலைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் வெப்பம் கடத்தும். மினசோட்டாக் குளிரில் வீட்டுக்குள் தெரியும் போல்ட் முனையில் நீர் கோக்கும். துளை வழியே வீட்டின் ஈரக்காற்று கசிந்தால் இன்னும் மோசம். அலாஸ்காவின் ஜூனோ நகரில் 2001 வாக்கில் சிப் கூரைகள் மக்கிப்போனதற்கு இப்படிப்பட்ட கசிவுதான் காரணம். அங்கே போல்ட் இல்லை, சரியாக அடைக்காத இணைப்புகள் இருந்தன. அவற்றின் வழியே ஏறிய ஈரக்காற்று, குளிர்ந்த மேல் பலகையில் நீராகிப் பலகையை மக்கவைத்தது.

கூரைமேல் மடிப்பு வைத்த தகடு வேய்ந்திருந்தால் துளையே வேண்டாம். மடிப்பைக் கவ்வும் கிளாம்ப் போதும். நிறையப் பேர் இதோடு நிம்மதியாகிவிடுகிறார்கள். ஆனால் அந்தத் தகட்டைப் பிடித்திருக்கும் கிளிப்புகளும் அதே 11 மி.மீ. பலகையில்தான் முடுக்கப்பட்டிருக்கின்றன. அதனால், கூரை இப்படித் தகடு வேய்ந்ததானால், வாசகர் அடுத்து வருபவரிடம் முதலில் கேட்க வேண்டியது: கிளிப்புகள் எத்தனை அடிக்கு ஒன்று, ஒவ்வொன்றிலும் எத்தனை திருகாணி?