போட்டோவில் குரங்கு சிரிக்கவில்லை

திங்கட்கிழமை காலை ஓ.பி.யில் ஏழு வயதுப் பெண் குழந்தை. வலது முன்கையில் நான்கு பல் தடம். சுற்றிலும் சிவந்து வீங்கி, மேலே மஞ்சள்பொடி காய்ந்து ஓடு மாதிரி ஒட்டியிருந்தது. வியாழக்கிழமை வால்பாறைக்கு மேலே போகும்போது வழியில் குரங்கு கடித்திருக்கிறது. ரூம் போட்டாயிற்று, பணம் கட்டியாயிற்று என்று ஞாயிறு வரை மேலேயே இருந்துவிட்டு, இறங்கி வரும் வழியில் அடிவாரத்தில் என்னிடம் நிறுத்தியிருக்கிறார்கள்.

"அன்னிக்கே டி.டி. போட்டாச்சுங்க டாக்டரம்மா. கை வீங்கிருச்சு, அதுக்குத்தான் வந்தோம்" என்றார் அப்பா.

மே மாதம் பிறந்து அது எனக்கு ஒன்பதாவது குரங்குக்கடி. ஒன்பது பேரில் ஆறு பேர் இதையே சொன்னார்கள். டி.டி. போட்டாச்சு. அந்த ஊசி வெறிநோயை, அதாவது ரேபிஸை, தடுக்காது. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

முதலில் அந்த போட்டோ. குழந்தையின் அப்பா செல்போனை எடுத்துக் காட்டினார். ஐந்தாறு படம். கைப்பிடிச் சுவரில் தாய்க்குரங்கு, வயிற்றோடு ஒட்டிக்கொண்டு குட்டி. குழந்தை பிஸ்கட் பாக்கெட்டை நீட்டிக்கொண்டு நிற்கிறாள். கடைசிப் படத்தில் குரங்கு வாயைத் திறந்து, புருவத்தை மேலே தூக்கி, காதைப் பின்னுக்கு மடக்கி நேராகப் பார்க்கிறது. "சிரிக்குதுன்னு நெனச்சு, கண்ணு, இன்னும் கொஞ்சம் கிட்டப் போன்னு நாந்தாங்க சொன்னேன்" என்றார். சொல்லும்போதே அவர் குரல் உடைந்தது.

அது சிரிப்பு இல்லைங்க. நம் பகுதியில் இருக்கும் நாட்டுக்குரங்கு, தலைமயிர் குல்லாய் போட்ட மாதிரி இருக்குமே, அது வாயைத் திறந்து முறைத்தால் "தள்ளிப் போ" என்று அர்த்தம். பல்லை மட்டும் இளித்துக் காட்டினால் பயந்திருக்கிறது என்று அர்த்தம். இரண்டிலும் நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான், பின்னால் நகர வேண்டும். கண்ணுக்குக் கண் பார்ப்பதே அதற்குச் சண்டைக்கு இழுப்பது போல. கேமரா லென்ஸை முகத்துக்கு நேரே நீட்டினால் அது எப்படி எடுத்துக்கொள்ளும் என்று யோசியுங்கள். கடிபடுவதற்கு முந்தின நிமிடத்துப் படம் எத்தனையோ பேர் என்னிடம் காட்டிவிட்டார்கள். அநேகமாக எல்லாவற்றிலும் இதே முகம்.

இனி எனக்கு ஆற்றாமையாக இருக்கும் விஷயம். "நாய்க்குத்தானே வெறி வரும்? இது குரங்குதானே?"

வரும். ரேபிஸ் எந்தப் பாலூட்டிக்கும் வரும். நம் நாட்டில் மனிதர்களுக்கு வருவதில் ஏறக்குறைய எல்லாமே நாயிடமிருந்துதான், அதை நான் மறுக்கவில்லை. குரங்குக்கு ரேபிஸ் இருப்பது அரிது என்பதும் உண்மை. ஆனால் மலைப்பாதை ஓரத்துக் குப்பைமேட்டை ஒரு தடவை இறங்கிப் பாருங்கள். தெருநாயும் குரங்கும் ஒரே பிரியாணிப் பொட்டலத்துக்கு மல்லுக்கட்டும். உங்கள் குழந்தையைக் கடித்த குரங்கு போன மாதம் எதனிடம் கடிபட்டது என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. வந்த பிறகு வைத்தியம் இருக்கிற நோயாக இருந்தால் "அரிதுதானே" என்று விட்டுவிடலாம். ரேபிஸ் அறிகுறி தொடங்கிய பிறகு பிழைத்தவர்கள் உலகத்திலேயே விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள்தான். படிக்கிற காலத்தில் ஒரே ஒரு நோயாளியைப் பார்த்தேன். நாய் கடித்தது, நடுத்தர வயது மனிதர். மனைவி தண்ணீர் டம்ளரைக் கொண்டுவந்ததும் தொண்டை இழுத்துக்கொண்டது. ஃபேனைப் போட்டால் காற்று பட்டே துடித்தார். மூன்றாம் நாள் கட்டில் காலி. அதற்குப் பிறகு யாருடைய கடியையும் என்னால் "பார்க்கலாம்" என்று ஒத்திப்போட முடிந்ததில்லை.

அடுத்தது, "மறுநாளும் போய்ப் பார்த்தோம், குரங்கு நல்லாத்தான் இருந்துச்சு." பத்து நாள் கவனிப்பது என்கிற கணக்கு நாய்க்கும் பூனைக்கும் மட்டும். அதுவும் வீட்டில் கட்டிப்போட்டுக் கண்முன்னால் வைத்திருக்க முடிந்தால்தான். அங்கேகூட ஊசியைத் தொடங்கிவிட்டுத்தான் கவனிப்போம். குரங்குக்கு அந்தக் கணக்கே இல்லை. தவிர, நாற்பது குரங்கு உட்கார்ந்திருக்கும் இடத்தில் நேற்றுக் கடித்தது இதுதான் என்று நீங்கள் எப்படிச் சொல்வீர்கள்? காட்டு விலங்கு கடித்தால் தடம் சின்னதா பெரியதா என்று பார்க்காமல் மூன்றாம் வகைக் கடியாகவே, அதாவது மிக ஆபத்தான வகையாகவே, எடுத்துக்கொள்ளச் சொல்கிறது நம் தேசிய வழிகாட்டுதல். தடுப்பூசியும் வேண்டும், காயத்தைச் சுற்றிப் போடும் சீரமும் வேண்டும்.

டி.டி. என்பது ரணஜன்னிக்கு. அதுவும் தேவைதான். ஆனால் ரேபிஸுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. டி.டி.யோடு அனுப்பிவிடும் கிளினிக்குகள் இருக்கின்றன, வேதனையோடுதான் சொல்கிறேன். அப்படி அனுப்பினால் நீங்களாகவே கேளுங்கள்: "ரேபிஸ் ஊசி எங்கே போடுவாங்க?"

"கடிக்கலைங்க, சும்மா நகந்தான் பட்டுச்சு" என்பவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். கீறலும் கணக்கில் வரும். ரத்தம் வராவிட்டாலும் வாருங்கள். குரங்கு எந்நேரமும் கையை வாயில் வைத்துக்கொண்டிருக்கிற பிராணி.

கடிபட்டதும் செய்ய வேண்டியது சோப்பு போட்டுக் கழுவுவது. ஓடும் தண்ணீரில் முழுதாகப் பதினைந்து நிமிடம், கடிகாரத்தைப் பார்த்து. ஒரு கப் தண்ணீரை ஊற்றித் துடைத்துவிட்டு "கழுவியாச்சு" என்று சொல்லாதீர்கள். கிருமியில் பெரும்பகுதி அங்கேயே போய்விடும். இதைவிட மலிவான வைத்தியம் எனக்குத் தெரியாது. மலையில் குழாய்க்கு எங்கே போவது என்கிறீர்களா? ஐந்து லிட்டர் கேன் ஒன்றும் ஒரு சோப்புக்கட்டியும் டிக்கியில் கிடக்கட்டும். புளியோதரைக்கும் சிப்ஸுக்கும் இடம் இருக்கிற வண்டியில் இதற்கும் இடம் இருக்கும். மஞ்சள்பொடி, காப்பித்தூள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதுவும் வேண்டாம். அந்தக் குழந்தையின் கையில் ஒட்டியிருந்த மஞ்சளை ஊற வைத்து எடுக்கவே எங்கள் சிஸ்டருக்கு இருபது நிமிடம் பிடித்தது. ஒவ்வொரு முறை துணி படும்போதும் அவள் அம்மாவின் புடவையைக் கடித்துக்கொண்டாள். இறுக்கிக் கட்டும் போடாதீர்கள், தையலுக்கும் அவசரப்படாதீர்கள். தையல் போட்டே ஆக வேண்டும் என்றால் சீரம் போட்ட பிறகுதான்.

சீரம் என்று நான் சொல்வது ரேபிஸ் இம்யூனோகுளோபுலின், அதாவது ரேபிஸுக்கு எதிராக ஏற்கெனவே தயாராக இருக்கும் எதிர்ப்பொருள். எடைக்குத் தக்க அளவு, காயத்துக்குள்ளேயும் சுற்றியும் ஊசியால் ஏற்ற வேண்டும். வலிக்கும். ஆனால் தடுப்பூசி உடம்பில் வேலை செய்யத் தொடங்க ஒரு வாரத்துக்கு மேல் ஆகும், அதுவரை காவல் இதுதான். முதல் தடுப்பூசி போட்ட ஏழு நாளுக்குள் போட்டுவிட வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் தடுப்பூசி கிடைத்துவிடும். சீரத்துக்குப் பெரிய அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டியிருக்கலாம். இரண்டுக்கும் அங்கே காசு வாங்குவதில்லை.

தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்று இன்னமும் பாட்டிமார் குழந்தைகளைப் பயமுறுத்துகிறார்கள். அந்த ஊசியை நிறுத்தி இருபது வருடம் ஆகிறது. இப்போது அரசு மருத்துவமனையில் போடுவது தோளில், தோலுக்குள்ளேயே, கொசு கடித்த மாதிரி. முதல் ஊசி போடும் நாளைப் பூஜ்யம் என்று வைத்து, 3, 7, 28 ஆகிய நாட்களில் மீதி. கர்ப்பிணிக்கும் போடலாம், கைக்குழந்தைக்கும் போடலாம். பத்தியம் கிடையாது. கோழி, மீன், கத்தரிக்காய் எல்லாம் சாப்பிடலாம், தலைக்குக் குளிக்கலாம். தள்ளிப் போய்விட்டதே என்று வராமல் இருக்காதீர்கள். நாலு நாள் ஆனாலும், நாலு வாரம் ஆனாலும் வாருங்கள். திட்டுவேன், ஆனால் ஊசியைப் போட்டுவிடுவேன்.

கடிபடாமல் இருக்க வழி கேட்டால், எனக்குச் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. தீனி போடாதீர்கள். குழந்தை கையில் பாக்கெட்டைக் கொடுத்துக் குரங்கோடு சேர்த்துப் படம் எடுக்காதீர்கள். பிளாஸ்டிக் உறை சரசரத்தாலே அது இறங்கி வரும், அதற்கு அது பழகிப்போன சத்தம். பிடுங்க வந்தால் விட்டுவிடுங்கள். முதுகுக்குப் பின்னால் ஒளிப்பது, இழுத்துப் பிடிப்பது, "விடாதே, விடாதே" என்று குழந்தையிடம் கத்துவது, எனக்குத் தெரிந்து பாதிக் கடி இதில்தான் நடக்கிறது. நாற்பது ரூபாய் சிப்ஸ், போகட்டும். குட்டி வைத்திருக்கும் தாயிடம் நெருங்கவே நெருங்காதீர்கள். குழந்தை உயரமும் குரங்கு உட்காரும் உயரமும் ஒன்றாக இருப்பதால் சின்னப் பிள்ளைகளுக்கு முகத்தில், கழுத்தில் கடி விழுகிறது. அந்தக் கடிகளில் நோய் வெளிப்பட எடுக்கும் நாள் கணக்கே மிகக் குறைவு, அன்றைக்கே இறங்கி வந்துவிட வேண்டும்.

படம் எடுக்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. எனக்கும் பிடிக்கும். வால்பாறைப் பக்கம் புதுத்தோட்டத்தில் சாலைக்கு மேலே மரத்துக்கு மரம் கயிற்றுப் பாலம் கட்டியிருக்கிறார்கள், சிங்கவால் குரங்குகள் கீழே இறங்கி வண்டியில் அடிபடக் கூடாது என்று. ஒரு குடும்பமே அதில் வரிசையாகப் போவதை, ஓரமாக வண்டிக்குள் உட்கார்ந்து, பேசாமல் அரைமணி நேரம் காத்திருந்தால் பார்க்கலாம். மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டால் உலகத்தில் வேறெங்கும் காட்டில் இல்லாத பிராணி அது. நாம் வாழைப்பழம் எறிந்தால் பாலத்தை விட்டு ரோட்டுக்கு இறங்குகிறது. ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவில் வரையாடு நின்றால், அதற்கும் அப்படியே. தள்ளி நின்று ஜூம் பண்ணுங்கள். தோளில் கை போட்டு எடுக்க அது உங்கள் மாமன் மகன் இல்லை. யானை நின்றால் இறங்கவே வேண்டாம். அந்தக் கேஸ்கள் என் ஓ.பி. வரைக்கும் வருவதில்லை.

பூவை, பூச்சியைக் கிட்டத்தில் எடுக்கப் புல்லில் படுத்துப் புரள்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வீடு திரும்பிய ஒன்றிரண்டு வாரத்தில் காய்ச்சல் வந்தால், இடுப்பு, அக்குள், தொடையிடுக்கில் சிகரெட் சுட்ட மாதிரிக் கறுப்புப் பொருக்கு இருக்கிறதா என்று பாருங்கள். உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். சரியான மாத்திரைக்குச் சீக்கிரம் கேட்கும். டாக்டரிடம் மலைக்குப் போனதைச் சொல்ல மறந்துவிடாதீர்கள்; சொல்லாவிட்டால் அவர் டெங்குவைத்தான் தேடிக்கொண்டிருப்பார்.

கடைசியாக, அந்த நாலாவது ஊசி. மே மாதக் கடிக்கு 28-வது நாள் பெரும்பாலும் ஜூனில் வரும். பள்ளிக்கூடம் திறந்திருக்கும், புண் ஆறியிருக்கும், மலைக்குப் போனதே மறந்திருக்கும். மூன்று ஊசியோடு நிற்பவர்கள் நிறைய. எங்களிடம்தான் வர வேண்டும் என்பதில்லை. சீட்டை எடுத்துக்கொண்டு உங்கள் ஊர் அரசு மருத்துவமனையில் காட்டினால் போட்டுவிடுவார்கள். அந்தக் குழந்தைக்கு அன்றைக்குச் சீரம் போட்டு, முதல் ஊசியும் போட்டு, சீட்டில் மீதி மூன்று தேதியையும் சிவப்பு மையில் எழுதிக் கொடுத்தேன். மூன்றாவது தேதி ஒரு திங்கட்கிழமை. "ஸ்கூல் இருக்கே டாக்டர்" என்றாள் அவள். "அரை நாள் லீவு சொல்லிக்கலாம் சாமி" என்று அவள் அப்பா அந்தச் சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.