நீலகிரியில் மனை வாங்கும் முன் தண்ணீர் போகும் வழியைப் பாருங்கள்

மண் பரிசோதிக்கிற, தடுப்புச் சுவர் வரைந்து கொடுக்கிற வேலையில் இருக்கிறேன். மனை காட்டக் கூட்டிப் போகிறவர்கள் எத்தனை சென்ட், பாதை வருமா என்று நிறையப் பேசுவார்கள். நான் கேட்பது ஒன்றுதான்: மழை பெய்தால் இங்கே தண்ணீர் எந்தப் பக்கம் போகும்? பெரும்பாலும் பதில் வராது.

இந்த மாவட்டத்தில் மழை எல்லா ஊருக்கும் ஒரே நேரத்தில் வருவதில்லை. கூடலூர், பந்தலூர், அவலாஞ்சிப் பக்கம் தென்மேற்குப் பருவமழை கொட்டும். தொட்டபெட்டாவுக்குக் கிழக்கே இருக்கிற குன்னூர், கோத்தகிரிக்கு அக்டோபர், நவம்பர் மழைதான் பெரிய மழை, அதனால் ஜூலையில் வந்து குன்னூரில் இடம் பார்த்துவிட்டுக் காய்ந்துதானே கிடக்கிறது என்று முன்பணம் கொடுப்பது பெரிய தப்பு. 2009 நவம்பரில் குன்னூர், கேத்தி, ஊட்டிப் பக்கம் மண் சரிந்து 40 பேருக்கு மேல் இறந்தார்கள். மேற்கே அவலாஞ்சியில் 2019 ஆகஸ்டில் 24 மணி நேரத்தில் 82 செ.மீ. பெய்தது.

அடியில் சார்னோகைட் பாறை, நல்ல கெட்டி. பிரச்சினை அதற்கு மேலே இருக்கிறது. பல இடங்களில் பல மீட்டர் ஆழத்துக்குச் செம்மண், அதற்குக் கீழே பாறை மக்கி உண்டான வெளிறிய களிமண். காய்ந்திருக்கும்போது சாக்பீஸ் மாதிரி உதிரும், நனைந்தால் விரலில் வழுக்கும். தண்ணீர் இதற்குள் இறங்கித் தேங்கினால் மண்ணின் பாரம் கூடுகிறது, பிடிப்பு போகிறது.

பிழைப்பும் இதே மண்ணில்தான். தேயிலை வேர் மேல்மண்ணை ஓரளவு பிடித்து வைக்கும், ஆனால் பசுந்தேயிலை விலை கட்டுப்படியாகாமல் சிறு விவசாயி தோட்டத்தை மனையாக்கி விற்கும்போது அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கேரட், உருளைக்கிழங்குத் தோட்டங்களில் தண்ணீர் நின்று கிழங்கு அழுகிவிடக் கூடாதென்று நடுகிற வரப்புகளைச் சரிவில் மேலிருந்து கீழாகவே எடுக்கிறார்கள். ஒரு நல்ல மழையில் மேல்மண் ஓடைக்குப் போய்விடும்.

குன்னூர்ப் பக்கம் ஒரு வீட்டில் புதுத் தடுப்புச் சுவர் வயிறு தள்ளிக்கொண்டு நின்றது. சுவரில் தண்ணீர் வடியக் குழாய் வைத்திருந்தார்கள், ஒன்றிலும் சொட்டுகூட வரவில்லை. கம்பியை விட்டுக் குத்தினேன், அரை மணி நேரம் காப்பி நிறத்தில் தண்ணீர் கொட்டியது. சுவருக்குப் பின்னால் ஜல்லி போடாமல், தோண்டிய களிமண்ணையே திரும்ப நிரப்பியிருந்தார்கள். ஜல்லிக்கு ஆகும் செலவு சுவர்ச் செலவில் சின்னப் பங்குதான். அதை மிச்சம் பிடிக்காதீர்கள். பொக்லைன் வைத்துச் சரிவை வெட்ட அனுமதி வாங்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமை ராத்திரியில் யாருக்கும் தெரியாமல் வெட்டித் தருகிறேன் என்பவரை நம்பவே நம்பாதீர்கள்.

ஏற்கெனவே வீடு கட்டிக் குடியிருக்கிறீர்களா? சரி, மழைக்கு முன்னால் வீட்டுக்கு மேலே ஏறி ஒருமுறை நடந்து பாருங்கள். தரையில் பிறை வடிவத்தில் வெடிப்பு தெரிகிறதா, வேலிக்கால் சாய்ந்திருக்கிறதா, நேற்றுவரை சாத்திய கதவு இன்று இடிக்கிறதா, இல்லாத இடத்தில் கலங்கலாக ஊற்று கிளம்பியிருக்கிறதா? இதில் ஒன்று இருந்தாலும் வெடிப்பைக் களிமண்ணால் அடைத்துத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டு, மண் பரிசோதிக்கிற ஆட்களைக் கூட்டி வந்து காட்டுங்கள். அதுவரை கனமழை ராத்திரிகளில் குழந்தைகளோடு வேறு வீட்டில் போய்த் தங்குங்கள், முக்கியமாக சரிவை வெட்டிய பக்கம் இருக்கிற அறையில் யாரையும் படுக்க விடாதீர்கள்.